வழிபாடு: ஆம், விலக்கு: இல்லை

முதல் சீட்டு செவ்வாய்க்கிழமை வந்தது. அடுத்தது புதன். மூன்றாவது வியாழன். மூன்றும் ஒரே இடத்தில், சாலை பிரிகிற கருக்கம்பாளையம் பிரிவில், மாரியம்மன் கோயில் வாசலில். மூன்றும் காலை எட்டு நாற்பதை ஒட்டி. குற்றமும் ஒன்றேதான்: கவன இடைவெளி, நான்கு நொடி.

இவ்வளவோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஹெல்மெட்டுக்குள் கவனப்பட்டை வந்த இந்த மூன்று வருடத்தில் சீட்டு வாங்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. எதிரே வருகிற வண்டியில் யார் என்று உற்றுப் பார்த்து வாங்கியவர்கள் உண்டு, மகள் கல்யாணத்தை நினைத்து வாங்கியவர்கள் உண்டு. மனசு ரோட்டை விட்டு விலகினால் பட்டைக்குத் தெரிந்துவிடும், சாயங்காலத்துக்குள் போனுக்குச் சீட்டு வந்துவிடும். அதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. விபத்து பாதியாகக் குறைந்தது என்றார்கள், நம்பினேன். அறிவியலை நம்புகிறவன் நான்.

ஆனால் இந்தச் சீட்டுகளின் அடியில், பொடி எழுத்தில், மூன்று வரிகள் இருந்தன.

இடைவெளியின் தன்மை, வழிபாடு: ஆம்.

விலக்கு: இல்லை.

காரணம்: ஓட்டுநர் மதம் இல்லை எனப் பதிவு செய்தவர்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். பிறகு மேலே ஏறிப் பெயரைப் பார்த்தேன். பகலவன், வயது 52, தையல் மிஷின் மெக்கானிக். நான்தான்.

என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். ஜாதகம் எழுத வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டுத்தான் எனக்குப் பகலவன் என்று பேர் வைத்தார். என் கல்யாணம் ராகுகாலத்தில், மாலை மாற்றி, பத்து நிமிடத்தில் முடிந்தது. ஊர்ப் பகுத்தறிவு மன்றத்துக்குப் பதினோரு வருடமாக நான்தான் செயலாளர். உரிமத்தில் மதம் என்கிற கட்டத்தில் ‘இல்லை’ என்று போடவைக்க ஏழு முறை அலைந்தவன். அப்பேர்ப்பட்டவன் மூன்று நாள் தொடர்ந்து மாரியம்மன் கோயில் வாசலில் சாமி கும்பிட்டிருக்கிறான் என்று அரசாங்கம் எழுதி அனுப்பியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அதிகமாகத் தலை சுற்றியது.

மன்றத்துத் தோழர் கதிரொளி வக்கீல். போனில் வந்த சீட்டை அச்செடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனேன். சீட்டை வாங்கிப் படித்தவர், எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“தோழர், இத வேற யாருகிட்டயாச்சும் காட்டுனீங்களா?”

“இல்லீங்க. எதுக்கு?”

“காட்டாதீங்க.”

“அது இருக்கட்டுமுங்க. அதென்ன விலக்கு?”

“பட்டை வந்த புதுசுல நடந்தது மறந்துபோச்சுங்களா? கோயிலத் தாண்டறவன் எல்லாம் கன்னத்துல போட்டுக்கறான், மனசு ரோட்ட விட்டுப் போகுது, சீட்டு வருது. கோயிலு, பள்ளிவாசல், சர்ச்சு, மூணு பக்கமும் ஊர்வலம் கிளம்பிருச்சு. அரசாங்கம் ஆடிப்போயி ஒரு ஆணை போட்டுச்சு. வழிபாட்டு எடத்துக்கு முன்னால அஞ்சு நொடி வரைக்கும் மன்னிப்பு. ஆனா நெசமாவே கும்பிட்டிருக்கோணும். சும்மா பராக்குப் பாத்துட்டுக் கும்பிட்டேன்னு சொன்னா பட்டை காட்டிக் கொடுத்துரும்.”

“சரி, எனக்கு ஏன் இல்லைங்கறான்?”

“உங்களுக்குத்தான் மதமே இல்லீங்களே தோழர். மதம் இல்லாதவன் கும்பிட்டா அதச் சட்டத்துல எந்தக் கட்டத்துல வெக்கறது?”

அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

மூன்று சீட்டு சேர்ந்தால் உரிமம் ஓராண்டு முடக்கம். மனு போட்டால் விசாரணை நாள் வரைக்கும் ஓட்டலாம், அவ்வளவுதான். எனக்கு ஓட்டாமல் முடியாது. சுற்று வட்டாரத்தில் வீட்டுக்குள்ளும் கொட்டகைக்குள்ளும் மிஷின் போட்டுப் பனியன் தைக்கிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். ஊசி உடைந்தாலும் நூல் சிக்கினாலும் அரை மணி நேரத்தில் நான் போய் நின்றாக வேண்டும். பஸ் நுழையாத சந்துகளில்தான் அத்தனை மிஷினும் இருக்கின்றன. வண்டி இல்லாத பகலவனை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

“ஒரு வழி இருக்குதுங்க” என்றார் கதிரொளி. “உரிமத்துல மதம்ங்கற கட்டத்தத் தொட்டு இந்துன்னு மாத்துங்க. மூணு சீட்டும் தானா ரத்தாயிரும். ஒரு நிமிசம் ஆகாது.”

“தோழர்!”

“நான் சொல்லலீங்க, சட்டம் சொல்லுது.”

“நான் கும்பிடலைன்னு கோர்ட்டுல நிரூபிக்கறேன். வழிபாடுங்கற சொல்ல எடுக்க வெக்கறேன். நீங்க வந்து வாதாடுங்க.”

“எடுத்தா அது வெறும் கவனக்குறைவு ஆயிரும். அதுக்கும் இதே ஒரு வருசந்தான்.” சீட்டை மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினார். “அப்புறம் தோழர், என்ற பேரு இதுல வேண்டாமுங்க. செயலாளர் மாரியம்மனக் கும்பிட்ட வழக்குன்னு நாளைக்கு ஊரே பேசும். உங்களுக்கு நான் வாதாடப் போனா, நானும் கூட நின்னு கும்பிட்ட மாதிரி ஆயிரும்.”

இந்தச் சீட்டுகளை விசாரிக்கும் முறைமன்றத்தில் வக்கீல் கட்டாயமில்லை. என் வழக்கை நானே நடத்திக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என் மனைவி கோகிலவாணி கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் கீறல். மூன்று மாதம் படுக்கை, பிறகும் டூவீலரில் பின்னால் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர், புது மாடலை முதலில் தைத்துக் காட்டுபவள். இருபத்துநாலு வருடமாகத் தினமும் காலையில் அவளைக் கம்பெனியில் இறக்கிவிட்டுத்தான் நான் மிஷின்களைப் பார்க்கப் போவேன்.

அந்த வழியில்தான் அந்த மாரியம்மன் கோயில். கல்யாணமான முதல் வாரம், “ஒரு நிமிசம் நிறுத்துங்களேன், கும்பிட்டுக்கறேன்” என்றாள். கோயில் வாசலில் என் வண்டி நிற்காது என்றேன். “நிக்க வேண்டாமுங்க. மெதுவாப் போனீங்கன்னாப் போதும்” என்றாள். அதற்கு ஒத்துக்கொண்டேன். கொள்கைக்கும் பங்கமில்லை, குடும்பத்துக்கும் பங்கமில்லை. அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் வேகத்தைக் குறைப்பேன். என் இடது தோளைப் பிடித்திருக்கிற அவள் கை எடுபடும். கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கை திரும்பத் தோளுக்கு வரும். நான் வேகத்தைக் கூட்டுவேன். ஒரு நாளும் ஒரு பேச்சும் இல்லை இதைப்பற்றி.

சீட்டைப் படித்த கோகிலா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அந்த நேரத்துல ரோட்டுல ஏதாச்சும் குறுக்க வந்துச்சுங்களா?” என்றாள்.

“நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்கற?”

“வரலியே?”

“வரல.”

பெருமூச்சு விட்டாள். “பேசாம அந்தக் கட்டத்த மாத்தீருங்க. யாரு பாக்கப் போறாங்க?”

“நான் பாப்பேனே.”

அன்றைக்கு அதோடு விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் நான் கிளம்பும்போது, “பிரிவு தாண்டுனதும் ஒரு போன் பண்ணுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். படுத்துக் கிடப்பவளுக்கு வரும் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நானே என்னைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். பகுத்தறிவாளன் வேறு என்ன செய்வான்? கோயில் நெருங்க நெருங்க, என் மனசில் என்ன ஓடுகிறது என்று கவனித்தபடி ஓட்டினேன். அம்மன் தெரிகிறாளா? இல்லை. பயம்? இல்லை. வேண்டுதல்? எதுவும் இல்லை. வேப்பமரம் தெரிந்தது, மாலைக் கடை தெரிந்தது. பிறகு மாலைக் கடை பின்னால் போயிருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சாயங்காலம் போனில் ஒரு எச்சரிக்கை வந்தது, இரண்டு நொடிதான் என்பதால் சீட்டு இல்லை. இடைவெளியின் தன்மை: குழப்பம்.

அந்த ஒரு விஷயத்தில் பட்டையோடு எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. அன்றிலிருந்து கோயில் பக்கம் போகாமல் வாய்க்கால் ரோட்டில் சுற்றிக்கொண்டு போனேன்.

ஊருக்குள் எப்படியோ கசிந்துவிட்டது. மன்றத்தில் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். அதே வாரம் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, “அம்மன் ஆள விட மாட்டாளுங்க” என்று சொல்லிக் குங்குமப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே விஷயத்துக்கு ஒருவர் கடிதமும் ஒருவர் குங்குமமும் கொடுத்தால் மனுஷன் எந்தப் பக்கம் நிற்பது?

மூன்று வாரம் கழித்து விசாரணை. கோகிலா வந்தே தீருவேன் என்றாள். டாக்டரிடம் கேட்டு, ஆட்டோவில் இரண்டு தலையணை வைத்து, வாக்கரைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனேன்.

சாலைக் கவன முறைமன்றம் என்று பலகை பெரிதாக இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே ஒரு மின்விசிறி. பாதிப்பேர் என்னைப்போல வக்கீல் இல்லாமல் வந்து, வாய்க்குள் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் ஜெனிட்டா என்கிற அம்மாள், ஐம்பதை நெருங்கும் வயது. துறை சார்பில் நஸ்ரின் என்று ஓர் இளம் பொறியாளர், மடிக்கணினியோடு நின்றார்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுத்தர் வாடிக்கையாகக் கேட்டார்: “கடவுள் சாட்சியாகவா, மனசாட்சிப்படியா?”

“மனசாட்சிப்படி.”

அவர் திரையைத் தட்டினார். தட்டியதும் அது கூவியது.

“சார், மனசாட்சின்னு போட்டா விலக்குக் கேக்கற பக்கம் மூடிக்குது. கடவுள்னு மாத்திரட்டுங்களா?”

“மூடிக்கட்டும். நான் விலக்குக் கேட்டு வரலீங்க.”

நடுவர் நிமிர்ந்து பார்த்தார். “வேற என்ன கேட்டு வந்தீங்க?”

“வழிபாடுங்கற சொல்ல எடுக்கோணுமுங்க அம்மா. நான் கும்பிடலீங்க.”

“எடுத்தாலும் உரிமம் முடங்கும். தெரியுமா?”

“தெரியுமுங்க. உரிமமும் வேணும். என்ற பொழப்பே அதுதான். ஆனா செய்யாத ஒண்ண செஞ்சதா எழுதுனா அத எப்படி ஒத்துக்கறது?”

நடுவர் நஸ்ரினைப் பார்த்தார். நஸ்ரின் என் பக்கம் திரும்பி, “சார், முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். பட்டைக்குக் கடவுளைத் தெரியாது” என்றார்.

“எனக்கும் தெரியாதுங்க. அதுதானுங்க வழக்கே.”

நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. நடுவரும் சிரித்துவிட்டு, மேலே சொல்லுங்கள் என்று கை காட்டினார்.

“லட்சக்கணக்கான பேர் கும்பிடும்போது பதிவு பண்ணினோம் சார். எல்லா மதத்துக்காரங்ககிட்டயும் ஒரே வடிவம்தான் வந்தது. சாதாரணமா மனசு ரோட்டை விட்டுப் போனா நாலு இடத்துக்கு அலையும். கும்பிடறப்போ அலையாது. ஒரே இடத்துல போய் நிக்கும். அங்கேர்ந்து ஏதோ ஒண்ணு வரும்னு காத்திருக்கும். அப்புறம் நிம்மதியா ரோட்டுக்குத் திரும்பும். இந்த மூணும் இருந்தா அதுக்கு வழிபாடுன்னு நாங்க பேர் வெச்சிருக்கோம்.”

“இவருக்கு மூணும் இருக்கா?” என்றார் நடுவர்.

“முதல் ரெண்டும் இருக்கு மேடம். இவ்வளவு அழுத்தமான பதிவு இந்த மாவட்டத்துலயே கொஞ்சம்தான். மூணாவது இல்லை. ஏதோ வரும்னு காத்திருந்து, வராமத் திரும்பியிருக்கார், மூணு நாளும். வழிபாட்டுல அதுவும் சகஜம்கறதால நாங்க ஏத்துக்கிட்டோம்.”

ஒப்பித்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. எதற்குக் காத்திருந்தேன்?

“இன்னொண்ணு மேடம்” என்றார் நஸ்ரின். “பட்டை கழுத்துத் தசையையும் பதிவு பண்ணும். மத்தவங்களுக்குக் கை அசைஞ்சது தெரியும். இவருக்குக் கை அசையவே இல்லை. இடது தோள் மட்டும் லேசா ஏறி, நாலு நொடி அப்படியே இருந்து, இறங்குது. வேற யாருக்கும் இப்படி வந்ததில்லை.”

இடது தோள் என்று அவர் சொன்ன அந்த நிமிடம் எனக்குப் புரிந்துவிட்டது. பின்னால் திரும்பிக் கோகிலாவைப் பார்த்தேன். அவள் குனிந்து வாக்கரின் ரப்பர் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அது கைங்க” என்றேன்.

“எது?”

இருபத்துநாலு வருடத்துக் கதையையும் சொன்னேன். வண்டி நிற்காது என்று நான் சொன்னது, மெதுவாகப் போனால் போதும் என்று அவள் சொன்னது, கை எடுபடுவது, திரும்ப வருவது, எல்லாம். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து, முப்பது பேர் முன்னால், மனைவியின் கைக்காகக் காத்திருந்தேன் என்று ஒரு மனுஷன் சொல்லும்படி ஆகிவிட்டது.

“ஆக, நீங்க அம்மனுக்குக் காத்திருக்கல” என்றார் நடுவர்.

“இல்லீங்க.”

“அப்படின்னா வழிபாடு இல்லை. உங்க மனுவை ஏத்துக்கலாம்.” பேனாவை எடுத்தவர் வைத்துவிட்டார். “ஒரு சந்தேகம். பட்டை வந்து மூணு வருஷம். அதே ரோட்டுல தினமும் போறார். மனைவி பின்னால இருந்தப்பவும் கை எடுபட்டிருக்கு, இவர் மனசும் போயிருக்கும். அப்பெல்லாம் ஏன் சீட்டு வரல?”

நஸ்ரின் மடிக்கணினியில் தேடினார். வெகுநேரம் தேடினார்.

“இருந்திருக்கு மேடம். மூணு வருஷமா, வேலை நாள் அத்தனையிலும் அதே நாலு நொடி இருந்திருக்கு. ஆனா ஒரு விதி இருக்கு. பின்னால உட்கார்ந்தவங்க ஹெல்மெட்லயும் பட்டை உண்டு. ஓட்டறவர் கவனம் விலகின நேரத்துல, பின்னால இருக்கறவர் முழுக் கவனமா ரோட்டைப் பார்த்திருந்தா, சின்ன இடைவெளிக்கு வண்டியை விட்டுடுவோம். இவர் மனைவியோட பதிவைத் திறந்தாத்தான் சரியாச் சொல்ல முடியும். அதுக்கு அவங்க சம்மதம் வேணும்.”

“வேண்டாமுங்க” என்றாள் கோகிலா. குரல் அறையின் கடைசி வரை கேட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு மறைக்க என்ன இருக்கிறது? கோயிலைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்பவள். அவள் பதிவில் வழிபாட்டைத் தவிர வேறு என்ன இருந்துவிடும்?

“அம்மா, கட்டாயம் இல்லை” என்றார் நடுவர். “ஆனா உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது உதவினாலும் உதவும்.”

கோகிலா என்னைப் பார்த்தாள். பிறகு வாக்கரை ஊன்றி எழுந்து நின்றாள். “தொறங்க” என்றாள்.

நஸ்ரின் படித்தார். “இடம் கருக்கம்பாளையம் பிரிவு. நேரம் எட்டு நாற்பது. வழிபாடு: இல்லை. கவனம்: முழுமை, சாலையில்.” விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார். “எல்லா நாளும் இதேதான் மேடம். ஒரு நாள்கூட வழிபாடு இல்லை.”

நான் கோகிலாவையே பார்த்தேன். நான் வெள்ளிக்கிழமை விரதத்தைக் கிண்டல் செய்யும்போதெல்லாம் பட்டென்று பதில் சொல்கிறவள், கண் கலங்கி நின்றாள்.

“நீங்க சாமி கும்பிடலையா அம்மா?” என்றார் நடுவர் மெதுவாக.

“கை கும்பிட்டுச்சுங்க. கண்ணு ரோட்டுலதானுங்க இருந்துச்சு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கல்யாணமான புதுசுலயே பாத்துட்டனுங்க. நான் கைய எடுத்தேன்னா இவருக்கு ரோடு தெரியாதுங்க. அப்பிடியே முழிச்சுட்டு இருப்பாரு, எதையும் பாக்க மாட்டாரு. ஒரு நாள் தண்ணி லாரி ஒண்ணு குறுக்க வந்துருச்சு, நாந்தான் கத்துனேன். அன்னீலிருந்து யாராச்சும் ஒருத்தர் பாக்கோணுமில்லீங்க? நான் பாத்துக்கிட்டேன்.”

“அப்போ கையை எடுக்காமலே இருந்திருக்கலாமே?”

“அப்புறம் இவரு மெதுவாப் போக மாட்டாருங்களே.” என்னைப் பார்த்தாள். “நாளு பூரா ஓட்டம். அந்த ஒரு எடத்துலதானுங்க மெதுவாப் போவாரு. எனக்காகப் போவாரு. அத விடறதுக்கு மனசு வரலீங்க. அம்மங்கிட்ட வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுக்குவேன், தினமுந்தான்.”

எனக்கு அழுகை வந்தது. அதை நான் மறைக்கவில்லை. தினமும் பிரிவு தாண்டியதும் போன் செய்யச் சொன்னது எதற்கு என்று இப்போது தெரிந்தது. கட்டிலில் படுத்தபடி, எட்டு நாற்பதுக்கு, ரோட்டைப் பார்க்க ஆள் இல்லையே என்று அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நடுவர் தன் முன்னால் இருந்த திரையைப் பார்த்தார்.

“என்கிட்ட ரெண்டு கட்டம்தான் இருக்கு” என்றார். “ஒண்ணு வழிபாடு, இன்னொண்ணு கவனக்குறைவு. மூணாவதா ஒண்ணு போட எனக்கு அதிகாரம் இல்லை. பகலவன், சட்டப்படி இப்பவும் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு. மதம்கற கட்டத்தை இந்த நிமிஷம் மாத்தினா, வழிபாடுன்னே வெச்சு விலக்குக் கொடுத்துடறேன். வண்டியோடவே வீட்டுக்குப் போகலாம். மாத்தறீங்களா?”

எழுத்தர் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு தட்டு. நாளைக்குக் காலையில் கருப்பாத்தாள் வீட்டு ஓவர்லாக் மிஷின் காத்திருக்கிறது. ஒரு வருடம் நான் போகாவிட்டால் வாடிக்கையாளர்கள் எல்லாரும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி யாரிடம் போய் நிற்பது?

கோகிலாவைப் பார்த்தேன். மூன்று வாரமாக, மாத்தீருங்க, மாத்தீருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

“மாத்தாதீங்க” என்றாள்.

“ஏன்?”

“நானே இத்தன வருசம் அங்க பொய்யாக் கும்பிட்டவ. நீங்களும் எதுக்கு?”

திரையை எழுத்தரின் பக்கமே திருப்பிவிட்டேன்.

“சரி” என்றார் நடுவர். “அப்போ உங்க மனுப்படி வழிபாடுங்கற சொல்லை எடுத்துடறேன். கவனக்குறைவுன்னு பதிவாகும்.”

கேட்டு வந்தது அதைத்தான். அதைக் கொடுக்கிறேன் என்கிறார். எனக்கு வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. ஒரே இடத்தில் போய் நிற்கும், ஏதோ ஒன்று வரும் என்று காத்திருக்கும் என்று நஸ்ரின் சொன்னாரே, அதைக் கவனக்குறைவு என்று எழுதினால் அதுவும் பொய்தான். வாழ்நாளெல்லாம் நான் எதிர்த்துப் பேசிய ஒரு சொல்லை, இந்தாருங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுக்க என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று மன்றத்துக்கு எப்படி விளக்கம் எழுதுவது என்றும் தெரியவில்லை.

“மனுவ வாபஸ் வாங்கிக்கறனுங்க” என்றேன். “அது இருக்கட்டும்.”

“வழிபாடு: ஆம். மதம்: இல்லை. ரெண்டும் சேர்ந்து இருக்கட்டும்கறீங்களா?”

“ஆமாங்க.”

“உரிமம் ஒரு வருஷம் போயிடும்.”

“போகட்டுமுங்க.”

நடுவர் கையெழுத்துப் போட்டார். நாங்கள் வெளியே நடக்கத் தொடங்கியபோது, “பகலவன்” என்று கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, “தினமும் வர்ற வழியில சர்ச்சு இருக்கு. நான் சிலுவை போட்டுக்குவேன். எனக்குச் சீட்டு வந்ததே இல்லை. ஆனா என் பதிவை நான் திறந்து பார்த்ததும் இல்லை” என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

முதல் இரண்டு மாதம் கஷ்டம்தான். வாடகை சைக்கிளிலும் அடுத்தவர் வண்டியின் பின்னாலும் போனேன். பாதி வாடிக்கை கைவிட்டுப் போனது. மன்றத்தில் என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், கதிரொளி வீட்டுக்கு வந்து வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்.

ஐந்தாவது மாதம் கோகிலா எழுந்து நன்றாக நடந்தாள். பின்னால் உட்காருவதுதான் கூடாதே தவிர, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். என்னிடம் சொல்லாமலே போய் உரிமத்துக்கு எழுதிப்போட்டாள். வாங்கியும் வந்தாள். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, “வாங்க போலாம், எந்த மிஷின் நின்னு கெடக்குது?” என்றாள்.

இப்போது அவள் ஓட்டுகிறாள். மடியில் டூல் பெட்டியோடு நான் பின்னால் உட்கார்ந்து, அவளுடைய இடது தோளைப் பிடித்துக்கொள்கிறேன். முதல் நாள் கருக்கம்பாளையம் பிரிவு வந்தபோது அவளுக்குத் தோள் விறைப்பது என் கைக்குத் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன், கண் ரோட்டை விட்டு அசையவில்லை. பழக்கம்.

“கோகிலா, நான் ரோட்டப் பாத்துக்கறேன். நீ கும்பிடு” என்றேன்.

“நெசமாவா?”

“நெசமா.”

வேகத்தைக் குறைத்தாள். இடது கையை எடுத்தாள். நான் அவள் தோளுக்கு மேலே எட்டி முன்னால் பார்த்தேன். வலதுபக்கம் இளநீர் வண்டி. இடதுபக்கம் நிற்கிற ஸ்கூல் வேன். மாலைக் கடை முன்னால் படுத்து, உதிர்ந்த சாமந்தியைத் தின்கிற ஒரு பசுமாடு. வேறு யாரும் இல்லை. நான்கு நொடி இவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் இருவரும் போனில் அவரவர் பதிவைத் திறந்து பார்த்தோம். அவளுடையதில், வழிபாடு: ஆம், விலக்கு: உண்டு. என்னுடையதில், கவனம்: முழுமை, சாலையில்.

“என்ன வேண்டிக்கிட்ட?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை வேப்பமரம் தெரிந்ததுமே, அவள் கேட்காமலே, ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தேன்.